தலை கிடைக்காத டைனோசர்

பொன்னுதுரை சட்டையை விடவே இல்லை. நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான்.

"குடு சாமி. இதக் குடுத்தாதான் அரிசி கிடைக்கும்," என்றாள் அம்மா.

"வேணாம். எனக்கு மரவள்ளிக்கிழங்கே போதும்!"

அது பொய். காய்ச்சலில் கிடந்த அவனுக்குக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. கஞ்சியாவது வேண்டும். ஜப்பான்காரர்கள் வந்ததிலிருந்து அவர்கள் ஊரான காஜா பேராங்கில் அரிசியும் இல்லை, துணியும் இல்லை. நல்ல சட்டை ஒன்று கொடுத்தால் பக்கத்து ஊரான புக்கிட் பாருவில் ஒருவர் அரிசி தருவார்.

ஆனால் அது அப்பாவின் சட்டை. சயாமில் ரயில் பாதை போட அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சேதியும் இல்லை. வீட்டில் அவர் படம்கூட இல்லை.

"சட்டையும் போச்சுன்னா அப்பா எப்படி இருப்பாருன்னே மறந்துடும்க்கா," என்று விசும்பினான் தம்பி.

அவன் அக்கா விஜயா அருகில் வந்து உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். சிஹாபுதீன் மாமா கடையில் உப்பு மடித்துத் தந்த தாள் கீழே கிடந்தது. ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தில் கிழித்தது. அதில் கழுத்து நீண்ட டைனோசர் ஒன்று மர உச்சியில் இலை தின்றுகொண்டிருந்தது. கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"துரை, இதோட எலும்பு கொஞ்சந்தான் கிடைச்சுச்சாம். மிச்சத்த யோசிச்சு வரைஞ்சிருக்காங்க."

"தலை?"

"அது கிடைக்கவே இல்லையாம்."

தம்பி அழுகையை நிறுத்திப் படத்தைப் பார்த்தான்.

"சட்டைய இப்படி விரி," என்றாள் விஜயா.

சிமெண்டுத் தரையில் சட்டையை விரித்து, அடுப்புக்கரியால் சுற்றிலும் கோடு போட்டாள். எடுத்ததும் அப்பாவின் தோள்கள் தரையில் இருந்தன. அப்பாவின் பழைய செருப்பை வைத்துப் பாதம் வரைந்தாள். கைகளையும் கால்களையும் யோசித்து வரைந்தாள். முகத்துக்கு வந்ததும் கரி நின்றுவிட்டது. அப்பாவின் மூக்கு எப்படி இருக்கும்? அவளுக்கும் நினைவு வரவில்லை. கண் கலங்கியது.

"குடுக்கா, நான் போடுறேன்."

தம்பி கழுத்து வரைந்தான். அது நீண்டது, நீண்டது, வாசற்படி வரை நீண்டது. அங்கே குட்டியாக ஒரு தலை.

"டேய், அப்பாவுக்கு ஏன்டா இம்புட்டுக் கழுத்து?"

"சயாம்லருந்து நம்ம வீட்ட எட்டிப் பாக்கணும்ல?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்னுதுரை சட்டையைத் தானே மடித்து அவள் கையில் கொடுத்தான்.

மறுநாள் அவன் கஞ்சி குடித்தான். அம்மா வீடு கூட்டினாள். வாசற்படி வரை, கரிக்கோட்டில் விளக்குமாறு படாமல் கூட்டினாள்.