மல்லி கொடுத்த இடம்

“வரிசையை விட்டு நகந்தா மனு கேன்சல்!”

காவலர் மாரிசெல்வம் போட்ட அதட்டலில் பாண்டீஸ்வரிக்கு ரத்தம் கொதித்தது. உள்ளங்கால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வெயில்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே இருக்கும் திறந்தவெளிச் சிறை அது. கைதிகள் தோட்டவேலை செய்து தண்டனையைக் கழிக்கும் இடம். அவளுடைய அப்பா இருளப்பசாமி உள்ளே இருந்தார். அவரைப் பார்க்க மனுப் போட்டுவிட்டு, ராஜபாளையத்திலிருந்து அம்மாவோடு பஸ் ஏறி வந்திருந்தாள். இன்று விட்டால் இனி அடுத்த மாதம்தான்.

வாசலுக்கு வெளியே வெறும் பொட்டல். ஒரே ஒரு ஓலைக் கொட்டகை. அதற்குள் ஈரச் சாக்கின்மேல் சொகுசாகக் காலை நீட்டிப் படுத்திருந்தது மல்லி, வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய். பக்கத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் வேறு!

மகனைப் பார்க்க வந்த மைமூன் அம்மா வரிசையில் தள்ளாடினார்.

“அண்ணே, அந்தம்மா செத்த நேரம் கொட்டகையில உக்காரட்டுமே?” என்றாள் பாண்டீஸ்வரி.

“அது நாய்க்குப் போட்டது. கைதி வீட்டு ஆளுகளுக்குக் குடையா பிடிப்பாக?”

“தண்டனை எங்கப்பாவுக்குத்தானே? எங்களை எதுக்கு வெயில்ல வதக்குதீய?”

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். “ஏட்டி, பேசாம இரு. அப்பாவைப் பாக்க வேண்டாமா?”

மாரிசெல்வம் சிரித்தார். “வேணும்னா மல்லிகிட்டக் கேட்டுப் பாரு. அது சரின்னா உக்காந்துக்கோங்க. புது ஆளுன்னா கெண்டைக்காலைக் கவ்விரும்!”

பாண்டீஸ்வரி விறுவிறுவென்று நடந்தாள்.

மல்லி எழுந்தது. பற்கள் தெரிந்தன.

அவள் தெருவில் வீட்டுக்கு வீடு இந்த ஜாதி நாய்தான். கண்ணோடு கண் பார்த்தால் அதற்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தவைத்தாள். மூடிய கையை மெல்ல நீட்டினாள்.

உறுமல். நெருங்கி வரும் காலடி. பிறகு... கையில் ஈரமாக ஒரு மூக்கு!

வால் ஆடியது.

“கேட்டுட்டேண்ணே! சரின்னு சொல்லிருச்சு!”

மல்லியின் கழுத்தைத் தடவியபடியே அவள் கூப்பிட, மைமூன் அம்மாவை அவள் அம்மா கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். மல்லி ஓர் ஓரமாக ஒதுங்கிப் படுத்தது.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. சிறைக் கண்காணிப்பாளர் இறங்கினார். கொட்டகைக்குள் அத்தனை பேர். வெயிலில் மாரிசெல்வம் மட்டும்.

“என்னய்யா இது?”

பாண்டீஸ்வரி எழுந்தாள்.

“ஐயா, நாயே எடம் குடுத்திருச்சு. இந்த அண்ணன்தான் குடுக்க மாட்டேங்காரு.”

கண்காணிப்பாளர் தொட்டியைப் பார்த்தார். மைமூன் அம்மாவின் காய்ந்த உதடுகளைப் பார்த்தார்.

“முதல்ல இவங்களுக்குத் தண்ணி கொண்டாய்யா. பொறவு ஒவ்வொருத்தரா உள்ளே விடு.”

உள்ளே அப்பா கேட்டார். “வெளிய ஒரே கலாட்டாவாமே. நீதானா?”

“நான் இல்லப்பா, மல்லி!”

அடுத்த மாதம் வந்தபோது வாசலில் நீளமாக ஓலைப் பந்தல், பெஞ்சு, தண்ணீர்ப் பானை. கண்காணிப்பாளர் சொல்லி, அப்பாவும் மைமூன் அம்மாவின் மகன் நவாஸும் சேர்ந்து போட்ட பந்தல்.

மல்லி தன் கொட்டகையை விட்டுவிட்டு வந்து, பந்தலின் நட்டநடுவே காலை நீட்டியது. மாரிசெல்வம் விரட்ட வந்தார்.

“இருக்கட்டும்ணே,” என்று தன் காலை மடக்கிக்கொண்டாள் பாண்டீஸ்வரி. “அன்னைக்கு அது நகந்துச்சுல்ல? இன்னைக்கு நாங்க நகந்துக்கிடுதோம்.”