வெள்ளை லைட்டுல பாத்துக்கறேன்

கூடத்தில் உயிருள்ள பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் மேல் கொசுவலைத் துணி விரித்திருந்தது.

வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார். துணியைப் பல மடிப்பாக மடித்து, மூலைக்கு மூலை இழுத்து, ஓரங்களில் துணிக் கிளிப் மாட்டி, அவர் மனைவி விரிப்பது போலவே கச்சிதமாக விரித்திருந்தது. மனைவி இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அந்தத் துணியைப் பரணில் தூக்கி எறிந்ததே அவர்தான்.

இன்னொரு சாவி மகளிடம் இருந்தது. அவளுக்குப் போன் போட்டார்.

"தொட்டிக்கு வலை போட்டது நீயாம்மா?"

"நான் எங்கப்பா வந்தேன்? இங்க ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை." கொஞ்சம் யோசித்துவிட்டு மகள் சொன்னாள்: "உள்ள புதுசா ஏதாவது வச்சாதானே அம்மா வலை போடுவாங்க. வெளிச்சம் ஒரேடியா பட்டா அது தாங்காதுன்னு. ஏதாவது வாங்கி வச்சீங்களா?"

"இல்லையே."

"அப்ப நீங்களே போட்டுட்டு மறந்திருப்பீங்க. சாப்பிட்டீங்களாப்பா?"

சாப்பிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார். பொய் சொல்வது இந்த வீட்டில் அவருக்குப் புதிதல்ல.

கல்யாண மண்டபமோ நாடக மேடையோ, விளக்குப் போடவென்றால் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். லைட்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. முகம் பூராவும் பருவாக இருந்தாலும் அவர் ஒரு பக்கமாக நீலத்தைச் சாய்த்தால் போதும், மணப்பெண் தேவதையாகிவிடுவாள். அந்தத் தலைக்கனம் அவருக்கு நிறையவே உண்டு. மனைவி ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, தொட்டியின் பழைய விளக்கு மங்கிவிட்டது, புதிதாக ஒன்று பார்த்து வாங்கிப் போடுங்கள் என்று பொறுப்பை அவரிடம் விட்டாள்.

"ஏங்க, நம்ம கண்ணுக்கு அழகா இருக்கற லைட்டு வேணாம். அதுங்களுக்கு எது ஒத்துக்கும்னு கேட்டு வாங்குங்க. வாங்கினதும் முழுசா ஏத்திடாதீங்க. வலையைப் போட்டு, தினம் ஒரு மடிப்பா எடுங்க. அதுங்க பழகணும்."

"எனக்கே லைட்டு சொல்லித் தரியா நீ?" என்று சிரித்தார்.

கடையிலேயே பெரிய விளக்காகப் பார்த்து வாங்கி வந்து, முதல் நாளே முழு வெளிச்சத்தில் எரியவிட்டார். தொட்டி ஜகஜோதியாக இருந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவள் பிள்ளை மாதிரி வளர்த்த பவளங்கள் ஒவ்வொன்றாக நிறம் செத்து, சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்துப் போயின.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனிதர் தன் தொழில் புத்தியைக் காட்டினார். வெள்ளையை அணைத்துவிட்டு, தொழிலுக்கு வைத்திருந்த நீல விளக்கை மட்டும் தொட்டிக்குப் போட்டால், வெளுத்ததுகூடப் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னும். அதை வீடியோ எடுத்துத் தினமும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவள் படுத்தபடியே பார்த்துப் பூரித்துப் போனாள். ஒரு நாள், வெள்ளையில் ஒரு தடவை காட்டுங்களேன் என்று கேட்டாள். சுவிட்ச் போய்விட்டது என்று வாய் கூசாமல் சொன்னார்.

"சரி விடுங்க. வீட்டுக்கு வந்து வெள்ளை லைட்டுல பாத்துக்கறேன்."

அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அன்று ராத்திரியே வெள்ளை விளக்கின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார். தொட்டியைக் காலி செய்யவும் மனசு வரவில்லை. செத்த பவளங்களைச் சுற்றித் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வலையைக் கண்டு மகளுக்குப் போன் போட்டதற்கு மறுநாள் சாயங்காலம், அதில் ஒரு மடிப்புக் குறைந்திருந்தது.

அதற்கடியில், தொட்டிக்குள், வெள்ளை விளக்கின் வெளிச்சம் இறங்கியிருந்தது. மங்கலாக, சாம்பல் பூத்தது போல. வயர் சுருட்டியபடி அலமாரியின் மேலேயே கிடந்தது. துணியை உருவிப் பரணில் திணித்து, பரண் கதவையும் தாழ் போட்டார். அடுத்த நாள் வந்தபோது அது மறுபடியும் தொட்டியின் மேல் கிடந்தது, இன்னும் ஒரு மடிப்புக் குறைவாக. வெளிச்சம் கொஞ்சம் ஏறியிருந்தது. வழக்கமான உப்பு வாடையோடு, ஆஸ்பத்திரி வராந்தாவில் தரை துடைக்கும் மருந்தின் நெடியும் சேர்ந்து வந்தது. மோட்டார் சத்தத்துக்கு நடுவே, யாரோ நிதானமாகக் கை அலம்புவது போல, நின்று நின்று தண்ணீர் சலசலத்தது.

மகள் வீட்டுக்குப் போய்விடலாம்தான். பையைக்கூட எடுத்து வைத்தார். ஆனால் வாசல்வரை போனதும் நெஞ்சு குறுகுறுத்தது. ஏற்கெனவே ஒரு தடவை அந்தத் தொட்டியை அம்போவென்று விட்டவர்தானே. உள்ளே புதிதாக ஏதோ வந்திருக்கிறது, யாரோ அதைப் பக்குவமாக வெளிச்சத்துக்குப் பழக்குகிறார்கள். இதையும் சாகவிட்டுப் போவதா? பையை இறக்கி வைத்தார்.

நாளுக்கு ஒரு மடிப்பாகக் குறைந்து, இன்று துணியே இல்லை. மடித்து, நாற்காலியின் மேல் வைத்திருந்தது.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கூடத்தில் வேறு விளக்கு எரியவில்லை. தொட்டியின் வெள்ளை வெளிச்சம் தரையில் விழுந்து, சுவரில் அலையடித்து, அவர் கால்விரல்வரை வந்து நின்றது. கிட்டே போனார். மான்கொம்பு போல ஒன்று, மூளை போல ஒன்று, தட்டுப் போல ஒன்று. எல்லாம் வெள்ளை. அவற்றுக்கு நடுவில் மட்டும் ஒன்று மாநிறம்.

சிறியது. மூடியிருந்தது. வெளிச்சத்துக்கு மெல்ல விரிந்தது.

ஐந்து விரல்கள்.

சுண்டுவிரல் வளைந்திருந்தது. புறங்கையில் ஊசி குத்திய கறுப்பு.

அவர் கை தன்னாலேயே நீல விளக்கின் சுவிட்சுக்குப் போனது. பழக்கதோஷம். தட்டினார். வெள்ளை அணைந்தது. தொட்டி முழுக்கப் பச்சை, ஆரஞ்சு, ஊதா. அத்தனையும் உயிரோடு ஆடின. கை இல்லை. ஒன்றுமே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

வெள்ளை தானாக வந்தது.

கை இப்போது கண்ணாடியருகே இருந்தது.

மறுபடி நீலம். ஒன்றும் இல்லை.

வெள்ளை.

உள்ளங்கை கண்ணாடியில் பதிந்திருந்தது. பின்னால் கூந்தல். நீரில் பிரிந்து, மெதுவாக விலகி.

"தப்புப் பண்ணிட்டேன்மா," என்றார். "உன்கிட்டச் சொல்லியிருக்கணும்."

முகம் அவரைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கி, மான்கொம்பைப் பார்த்தது. விரலால் தடவியது. வெள்ளைத் தூள் உதிர்ந்தது. பிறகு மூளைப் பவளம். அதையும் தடவியது.

சுவிட்சைத் தட்டினார். நீலம் வரவில்லை. மறுபடி தட்டினார்.

வெளிச்சம் ஏறியது. இன்னும் ஏறியது. அவர் நிழல்கூட இல்லாத அளவுக்கு.

முகம் தட்டுப் பவளத்தின் பக்கம் திரும்பியது. நிதானமாக. ஒன்றையும் விடாமல்.

அதற்கப்புறம் பார்க்க மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான்.