மண்டப முற்றத்தில் வடியாத தண்ணீர்

காலை பதினொரு மணிக்குச் சாரல் நின்றது. குற்றாலத்துக் கல்யாண மண்டபத்தின் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் அப்படியே நின்றது.

மறுநாள் அங்கேதான் பந்தி. மணமகள் உமாராணி தென்காசியில் சப்-இன்ஸ்பெக்டர். நேற்று மாலை வரை அருவிக்கரையில் டியூட்டி பார்த்துவிட்டு வந்தவள். மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்காக முற்றத்தின் அடியில் துளையிட்ட குழாய் பதித்தவள் ஷெர்லின். பொறியாளராக அவளுக்கு இதுதான் முதல் வேலை. குழாயைப் பிடுங்கிவிட்டு மண் நிரப்பப்போவதாக மண்டப உரிமையாளர் நாகராஜன் சொல்லிவிட்டார்.

"கணக்கு தப்பிட்டுல்லா?" என்றார் அவளிடம்.

ஷெர்லின் கண்கள் கலங்கின.

உமாராணியின் இரு கையிலும் மருதாணி. முற்றத்துத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் மூலைத் தொட்டியை முகவாயால் காட்டித் திறக்கச் சொன்னாள். தண்ணீரின் மேல் வானவில்லாய் ஒரு மினுக்கம். எவனாவது பெட்ரோலைச் சிந்தியிருப்பான் என்றார் நாகராஜன்.

துளைகளின் அளவு, எண்ணிக்கை, மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் மூன்றும் தெரிந்தால் எவ்வளவு வெளியேறும் என்று சொல்லிவிடலாம் என்றாள் ஷெர்லின். கால் மணி நேரத்தில் நாலு விரற்கடை இறங்க வேண்டும். ஒரு விரற்கடைதான் இறங்கியது. முற்றத்துக்கு வெளியே, குழாய் முடியும் மேட்டில், அதைச் சுற்றியிருந்த ஜல்லியைத் தோண்டினார்கள். அதற்குள் தண்ணீர் தேங்கவில்லை.

"அப்போ மண்ணு நல்லாத்தான் குடிக்கு. துளைதான் அடைச்சிருக்கு" என்றாள் உமாராணி. போன வாரப் பெருமழை நன்றாகவே வடிந்திருந்தது. ஆகவே அதற்குப் பிறகு ஏதோ நடந்திருக்கிறது. மண்டப மேலாளர் நம்பிராஜனை அழைத்தாள்.

"நேத்து ஆரு தங்கியிருந்தா அண்ணாச்சி?"

"டூரிஸ்ட் வண்டி ஒண்ணு. எண்ணெய் மசாஜ் பண்ணிட்டு அருவியில குளிச்சாங்க. இங்கன படுத்ததோட சரி."

"எந்த அருவியில?"

"பெரிய அருவியிலதான்."

"நேத்து எல்லா அருவியிலயும் வெள்ளம். கயிறு கட்டி ஆளுகளைத் திருப்பி அனுப்புனதே நாந்தான். எண்ணெயோட வந்தவங்க எங்கன குளிச்சாங்க?"

நம்பிராஜன் தலையைச் சொறிந்தார். அவர்கள் மண்டபத்துக் குளியலறையில்தான் குளித்தார்களாம்; சாக்கடை பொங்கியதால் அதன் குழாயை இந்தத் தொட்டிக்குத் திருப்பிவிட்டாராம்.

"ஓட்டைக் குழாய்தானம்மா, எல்லாத்தையும் குடிச்சிரும்னு நெனச்சேன்."

மினுக்கம் பெட்ரோல் அல்ல, நல்லெண்ணெய். அதோடு சீயக்காய்த் தூள் சேர்ந்து துளைகளைப் பசையாய் அடைத்திருந்தது. நம்பிராஜனே குளியலறைக் குழாயைப் பழையபடி மாற்றினார். சமையல்காரர்கள் கொடுத்த வெந்நீரை ஊற்றி, நீளக் கம்பில் தேங்காய் நாரைக் கட்டிக் குழாயைத் தேய்த்து, கசடை வாளியில் அள்ளினார்.

பிற்பகல் மூன்று மணி. கால் மணி நேரத்தில் நாலு விரற்கடை இறங்கியது. சமையற்கட்டிலிருந்து கைதட்டினார்கள். ஈரத் தரையில் நாற்காலி போட ஆள் வந்ததும், நாகராஜன் முதல் நாற்காலியைத் துண்டால் துடைத்து ஷெர்லினுக்கு இழுத்துப் போட்டார்.