ஜாய்ஸ்டிக்குக்குப் பொட்டு வேண்டாம்

சரஸ்வதி பூஜையன்று அம்மா எதையும் சும்மா விடமாட்டாள். பாடப் புத்தகம், கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்கூட்டர் சாவி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பாள். இந்த வருஷம் மாமாவின் கம்ப்யூட்டருக்கும் வைத்துவிட்டாள்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் மத்தியானம்தான் அதை எடுத்து டிவியோடு இணைத்தேன். கீபோர்டு மாதிரி ஒரே பெட்டிதான் அந்தக் கம்ப்யூட்டர்; திரைக்கு டிவிதான். அம்புக்குறி போட்ட நாலு பட்டன்களும் அசையவே இல்லை. சந்தனம் உள்ளே இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது.

"அம்மா, கம்ப்யூட்டருக்கு யாராவது சந்தனம் வெப்பாளா?"

"அதுவும் படிக்கற சாமான்தானே, ருக்கு? அந்த நாலு பட்டனும் தனியா, அழகா இருந்தது. வெச்சேன்."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. லீவுக்கு மட்டும் மாமா கொடுத்த கம்ப்யூட்டர் அது. அன்று ராத்திரியே தாணேயிலிருந்து வந்து எடுத்துப் போய்விடுவார். அதற்குள் தாராவியிலிருந்து என் சிநேகிதி ஆபிதா வருவாள், நாங்கள் சேர்ந்து செய்த விளையாட்டைப் பார்க்க. ஒரு குடைக்காரன் மழைத்துளிகளுக்குத் தப்பி மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு ஓடும் விளையாட்டு அது. படமெல்லாம் கட்டம் போட்ட தாளில் ஆபிதா வரைந்தது. அதைப் புரோகிராமாக டைப் செய்தது நான். அவள் அதை இன்னும் டிவியில் பார்த்ததே இல்லை.

ஆபிதா வந்தாள். திரையில் குடைக்காரன் நட்ட மரமாக நின்றான்.

"நவுரவே மாட்டானாட்டி?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லட்டி. இங்கன நிக்கதே நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஊக்கால் சந்தனத்தைக் குடைந்துகொண்டிருந்த அம்மா, "பரண்ல உன் பழைய வீடியோ கேம் இருக்கே. அதை ஆடுங்கோளேன்" என்றாள்.

"அந்தப் பெட்டிதான் போன வருஷமே புகைஞ்சு போச்சேம்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. புகைந்தது பெட்டி மட்டும்தான். ஆளை நகர்த்தும் கைப்பிடியான ஜாய்ஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் பூஜை எதற்கு என்று அம்மா அதைத் தொடவும் இல்லை.

பரணிலிருந்து எடுத்தேன். ஒரே தூசி. அதன் பிளக்கைக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் செருகினேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஆனால் குடைக்காரன் அசையவில்லை.

"என்னட்டி இவன், அரே" என்று ஆபிதாவே அலுத்துக்கொண்டாள்.

புரோகிராம் இன்னும் பட்டன்களைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறது? மாமாவின் கம்ப்யூட்டர் புத்தகத்தைப் புரட்டி, ஜாய்ஸ்டிக்கைக் கேட்கும்படி வரிகளை மாற்றினேன். எழுத்துப் பட்டன்களில் நல்லவேளை சந்தனம் இல்லை.

"இப்ப தள்ளு, ஆபிதா. முதல்ல நீதான்."

தள்ளினாள். குடைக்காரன் ஓடினான். மூன்று முறை நனைந்து, நாலாம் முறை ஸ்டேஷனுக்குள் புகுந்தான்.

"நான் வரஞ்ச ஆளு ஓடுதான்" என்றாள் மெதுவாக. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை.

அம்மாவுக்கும் ஒரே சந்தோஷம். உள்ளே போனவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "சமர்த்து. இதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடறேன்."

ஆபிதா ஜாய்ஸ்டிக்கைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். நான் நடுவில் பாய்ந்து என் நெற்றியைக் காட்டினேன். ஆபிதாவும் சும்மா இருந்த கையை நீட்டினாள்.

அம்மா எனக்கு நெற்றியில் வைத்து, அவளுக்குக் கையில் தடவினாள். ஜாய்ஸ்டிக் பிழைத்தது.