ஆமைப் படம்

காலை 6.40. சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே, ஒரு வீட்டின் கார்க் கொட்டிலில் பழைய மின்சாரக் கார் ஒன்று நின்றது. முன் ஆசனத்தில் ஸப்னா சாய்ந்து கிடந்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவளை ஏற்றிப்போக வந்த ஓட்டோக்காரர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே நடந்தார்.

வயது முப்பத்தொன்று. சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா இழுப்பு. ஆஸ்பத்திரி எட்டு நிமிட ஓட்டம்.

முற்றத்தில் குந்தியிருந்து கணவன் றுமைஸ் சொன்ன கதை ஒன்பது மணிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. காரின் பற்றரி போய்விட்டதாம். மருதமுனை றிஸ்வான் நாலு லட்சம் வாங்கித் திருத்திக் கொடுத்தானாம். பதினைந்தே நாளில் மறுபடி செத்ததாம். 9.30க்கு ஒரு கூட்டம் றிஸ்வானின் கராஜுக்குள் புகுந்தது. அவனது வலக்கையை மேசையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவனுடைய ஸ்பனராலேயே அடித்தார்கள். மூன்று விரல்கள் முறிந்தன.

10.15. கல்முனையிலிருந்து வந்த சப் இன்ஸ்பெக்டர் பவிதரன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஏழு மணியிலிருந்து அதை ஒரு கொன்ஸ்டபிள் காவல் காத்திருந்தார். ஸப்னாவின் உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றதைத் தவிர வேறு எவரும் காரைத் தொடவில்லை. பவிதரன் றுமைஸை அழைத்தார்.

"எத்தினை மணி?"

"அஞ்சே முக்கால் இருக்கும் சேர். மூச்செடுக்க ஏலாமக் கெடந்தா. தூக்கிட்டு வந்து கார்ல இருத்தினன்."

"பிறகு?"

"பட்டன அமத்தினன். திரையில சார்ஜ் பூச்சியம். ஆமைப் படம் ஒண்டு வந்து நிண்டிச்சு. கார் நகரவே இல்ல."

"ஆமையா?"

"ஓம் சேர். சார்ஜ் முடிஞ்சா அதுதான் வரும். றிஸ்வானுக்கிட்ட குடுக்க முந்தியும் ரெண்டு தரம் வந்திச்சு."

"பின்வளவு வீட்டிலதானே உங்கட மாமி, ஸப்னாட உம்மா. அவவக் கூப்பிடல்லியா?"

"ரோட்டுக்கு ஓடினன். ஓட்டோ ஒண்டும் இல்ல."

"நீங்க ஓட்டோவுக்குப் போன் எடுத்தது ஆறு முப்பத்தொண்டுக்கு."

"பதட்டம் சேர். நேரம் பாக்கல்ல."

அவன் கண் காய்ந்திருந்தது. பவிதரன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அழாத நல்லவர்களையும் அழுது புரண்ட கொலைகாரர்களையும் அவர் பார்த்திருந்தார்.

10.50. ஸப்னாவின் உம்மா ஸாலிஹா பின்வளவு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பவிதரன் கதிரையை இழுத்து எதிரில் அமர்ந்தார்.

"சுபஹ் தொழுதிட்டு ஓதிட்டு இருந்தன் தம்பி. மருமகன் ஜன்னலால எட்டிச் சொன்னாரு, 'மாமி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறன், நீங்க அவவுக்காக ஓதுங்க' எண்டு. கொஞ்சத்தால, கார் ஸ்ராட் ஆகக்குள்ள வாற பாட்டுக் கேட்டிச்சு. போயிட்டாங்க எண்டு நெனச்சன். அந்தக் காருக்கு ஓடுற சத்தம் இல்லதானே. இருந்து ஓதினன்."

"எவ்வளவு நேரம்?"

"ஓட்டோ வாற வரைக்கும்."

ஸப்னாவின் கைப்பையில் காதி நீதிமன்றக் கடிதம் ஒன்று இருந்தது. விவாகரத்துக் கேட்டவள் அவள்தான். விசாரணை வரும் வியாழக்கிழமை. பவிதரன் மேலும் இரண்டு விசயங்களைக் கேட்டறிந்தார். வீடு சீதன வீடு, அவள் பெயரில். பிள்ளை இல்லை.

11.40. றிஸ்வானைக் கூட்டி வந்தார்கள். கையில் கட்டு, சட்டையில் இரத்தம். வாசலில் நின்ற சிலர் அவனைக் கண்டு துப்பினார்கள்.

"பொனட்டத் திறங்க சேர். என்னால ஏலா," என்றான்.

பவிதரன் திறந்தார்.

"இதுல ரெண்டு பற்றரி. ஓட்டுறதுக்குப் பெரிசு கீழ இரிக்கி. அத எழுப்புறதுக்குச் சின்னது, இந்தா இது. பெரிசுலதான் செத்த செல் நாலு மாத்தினன். முழுசும் மாத்தினா இருவத்தஞ்சு லட்சம் வரும், பாவம் எண்டு நாலு லட்சத்தோட முடிச்சன்." அவன் குனிந்தான். "சேர், இந்த வயரு கழண்டு கிடக்கு."

"நீ சரியா முறுக்கல்லியோ?"

"நான் முறுக்கின நெட்டுக்கு மஞ்சள் பெயின்ற் கோடு போடுவன். நெட்டுலயும் அடியிலயும் சேத்து ஒரே கோடு. பாருங்க."

கோடு இருந்தது. ஆனால் நெட்டில் இருந்த பாதியும் அடியில் இருந்த பாதியும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. நெட்டின் மூலைகளில் ஸ்பனர் கடித்த புதுக் கீறல்கள் தெரிந்தன. தானாக இளகிய நெட்டு இல்லை. யாரோ ஸ்பனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள்.

"இந்த வயர் இல்லாட்டி என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது சேர். பெரிசு நிறைய இருந்தாலும் கார் கல்லுத்தான். திரையே எரியாது."

பவிதரன் வயரைக் கொளுவி நெட்டை முறுக்கினார். ஆசனத்தில் ஏறிப் பட்டனை அழுத்தினார். மெல்லிய பாட்டொன்று ஒலித்து ஓய்ந்தது. திரை எரிந்தது. எழுபத்தொரு வீதம்.

பின்வளவிலிருந்து ஸாலிஹா முக்காடு நழுவ ஓடி வந்தாள். "காலையில கேட்டதும் இதுதான் தம்பி. இந்தப் பாட்டுத்தான்."

பவிதரன் இறங்கி றுமைஸின் முன்னால் நின்றார்.

"ஆமைப் படம் பாத்ததாச் சொன்னீங்க. வயர் கழண்டிருந்தா திரையே எரியாது, ஆமை வர வழியில்ல. வயர் கொளுவி இருந்தா எழுபத்தொரு வீதம், அப்பவும் ஆமை வராது. எப்பிடிப் பாத்தாலும் இண்டைக்குக் காலையில நீங்க ஆமையப் பாக்கல்ல. பழைய ஞாபகத்தில இருந்து எடுத்துச் சொன்னீங்க."

றுமைஸின் பார்வை திறந்து கிடந்த பொனட் பக்கம் போனது.

"பாட்டு வந்ததெண்டா கார் உயிரோட இருந்திருக்கு. எட்டு நிமிசத்தில ஆஸ்பத்திரி. நீங்க ஸ்ராட் பண்ணினது போறதுக்கில்ல, நீங்க ரெண்டுபேரும் போயிட்டீங்க எண்டு மாமி நம்புறதுக்கு. அவ வெளிய வந்து பாக்காம இருக்கிறதுக்கு. பிறகு நிப்பாட்டி, எல்லாம் முடிஞ்சாப் பிறகு நெட்டக் கழட்டினீங்க. பழைய மின்சாரக் கார் நிண்டுபோனா ஒருத்தரும் ஏன் எண்டு கேக்க மாட்டாங்க, கராஜ்காரனத்தான் அடிப்பாங்க. வியாழக்கிழமைக்குப் பிறகு வீட்டில உங்களுக்கு ஒண்டும் இல்ல. பிள்ளை இல்லாத மனிசி அதுக்கு முந்தி செத்துப்போனா, உங்கட மார்க்கச் சட்டப்படி வீட்டில பாதி உங்களுக்கு."

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். றிஸ்வான் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

கொன்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். ஜீப்பில் ஏறப்போனவனின் சட்டையை ஸாலிஹா பிடித்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"மகன், ஒண்டே ஒண்டு சொல்லுங்க. என்ட புள்ள என்னக் கூப்பிட்டாளா?"

றுமைஸ் முதன்முறையாக அவள் முகத்தை நேரே பார்த்தான்.

"ஓம் மாமி. கனக்கக் கூப்பிட்டா. நான் கார்க் கண்ணாடிய ஏத்திட்டன்."