அடித் தானியம்

கை பள்ளமாகப் பதிந்திருக்க வேண்டும். மேடாக இருந்தது.

மேலவீட்டுக்காரர் ஏணியில் நின்றபடி லாந்தரைத் தாழ்த்திப் பார்த்தார். ஊர்க் களஞ்சியத்தின் பெரிய தொட்டி விளிம்புவரை நிறைந்து, பலகையால் தேய்த்துச் சமப்படுத்திய சோளம் தண்ணீர்போல் அசையாமல் கிடந்தது. நடுவே, மதியம் ஊர் பார்க்கக் கீழவீட்டுத் தம்பி பதித்த உள்ளங்கைத் தடம். அதன் பக்கத்தில் இன்னொரு கை. அடியிலிருந்து யாரோ அழுத்தியதுபோல் மணிகள் விரல் விரலாகப் புடைத்திருந்தன.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். எலிக்கு ஏது உள்ளங்கை?

அவர் அந்தியில் ஒளிந்து வந்த வேலையே வேறு. தொட்டி நிறைந்ததும் ஊரின் முதல் குடும்பத்தான் கை பதிப்பான். எவனாவது தானியத்தை அள்ளினால் தடம் கலைந்து காட்டிக்கொடுக்கும். பதித்தவனே தொட்டிக்குக் காவல்; அந்த மரியாதை தலைமுறை தலைமுறையாக மேலவீட்டுக்கே. இந்த வருஷம் ஊர் அதைத் தூக்கிக் கீழவீட்டுக்குக் கொடுத்துவிட்டது. அவன் கிணறு வற்றவில்லையாம். அவன் சோளம் ஆளுயரம் தாண்டியதாம். பெற்ற மகளே அவன் கைராசியைப் பேசுகிறாள்.

"எல்லாரும் என்னையே பதிக்கச் சொல்றாங்கண்ணே. உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லையே?" என்று மதியம் அவன் கேட்டான்.

"எனக்கென்னப்பா? கையைக் கழுவிட்டுப் பதி."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. தடம் மட்டும் கலைந்திருந்தால், காலையில் கீழவீட்டின் காவல் லட்சணம் சந்தி சிரிக்கும்.

ஓடிப்போனவன் வம்சத்துக்கு மரியாதை ஒரு கேடா? இந்தக் கட்டாந்தரையை ஒரு அண்ணனும் தம்பியும் கொத்தித்தான் ஊரை உண்டாக்கினார்கள். முதல் விளைச்சலை இதே தொட்டியில் கொட்டிய இரவு, அரிவாளுக்கு மோதிரவிரலைக் கொடுத்திருந்த அந்தத் தம்பி, கீழவீட்டின் மூத்தவன், பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிப்போனான். அண்ணன்தான், மேலவீட்டின் மூத்தவர், தனியாக நின்று கை பதித்தார். ஒரு கட்டளையும் போட்டார்: பஞ்சமே வந்தாலும் அடியில் இடுப்பளவு தானியத்தை எடுக்கக் கூடாது. ஊர் அதைச் சிக்கனம் என்று மெச்சியது. இன்றுவரை யாரும் எடுத்ததில்லை.

லாந்தர் சுடர் நடுங்கியது. காற்று இல்லை. புதுச் சோளத்தின் இனிப்பு வாசனைக்கு அடியிலிருந்து, மூடியே கிடந்த பழைய வாசனை ஒன்று மெல்ல ஏறி வந்தது. எங்கோ ஆழத்தில் மணிகள் சரசரவென்று இடம் மாறின.

புடைத்த கையை மறுபடி பார்த்தார்.

மோதிரவிரல் இல்லை.

இறங்கியிருக்கலாம். ஆனால் கீழவீட்டுத் தடம் கைக்கெட்டும் தூரத்தில், அத்தனை அழகாக, அத்தனை திமிராக இருந்தது. எட்டினார்.

மணிக்கட்டை ஏதோ பற்றியது. குளிர்ச்சியாக. இறுக்கமாக.

வெளியே செருப்புச் சத்தம்.

"கதவைப் பூட்டாம விட்டிருக்காங்களே! உள்ள யாரு?" கீழவீட்டுத் தம்பியின் குரல். "வெளிச்சம் மாதிரி தெரியுது. அண்ணே, நீங்களா?"

ஒரு வார்த்தை போதும். ஓடி வந்து இழுத்துப்போட்டிருப்பான். நாளைக்கு ஊரெல்லாம் சொல்வார்கள்: தடத்தைக் கலைக்கப் போன திருடனைத் தம்பிதான் காப்பாற்றினான் என்று.

மேலவீட்டுக்காரர் லாந்தரை ஊதி அணைத்தார்.

"ஒருத்தரும் இல்லபோல. கண்ணுதான் ஏமாத்திருச்சு." கதவு மூடியது. பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்தது.

இருட்டு. சோளத்தின் சரசரப்பு. முழங்கை. தோள். ஏணி நழுவி விழுந்தது. காதருகே, மணிகளுக்குள்ளிருந்து, பாசமாக ஒரு குரல்.

"அண்ணே."

வாய் திறந்தது. சோளம் நிறைந்தது.

தொட்டியின் மேல்பரப்பு மெல்லத் தன்னைத் தானே சமப்படுத்திக்கொண்டது. கீழவீட்டுத் தடம் ஒரு மணிகூடக் கலையவில்லை. அதற்கு ஒரு பக்கம் நான்கு விரல்கள் புடைத்திருந்தன. மறுபக்கம், மெதுவாக, ஒவ்வொன்றாக, ஐந்து.