கூட்டல் குறி போட்ட மேகசின்

போன் அடித்தது...

கமிஷனர் யூட்டா அதை முறைத்துப் பார்த்தாள்.

ஞாயிறு மதியம். தட்டில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு உருண்டைகள், மேலே மாட்டிறைச்சிக் குழம்பு. வாரம் முழுக்கக் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு இந்தத் தட்டுக்காகத்தான் காத்திருந்தாள்.

மறுபடி அடித்தது.

"சொல்லு டீட்மார்."

"சாப்பிட்டாச்சா மேடம்?"

"நீ சொல்லப்போறதைப் பொறுத்து."

"அப்ப தட்டை மூடி வெச்சிடுங்க. பழைய ராணுவ பிஸ்டல் சேர்க்கிற ரூடிகர் இருக்கார்ல... அவர் வீட்டு நிலவறையில பொணமாக் கிடக்கார். கையில பிஸ்டல். பார்த்தா தற்கொலை மாதிரிதான் தெரியுது."

"மாதிரிதானா?"

"அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

யூட்டா உருண்டைகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள்.

ஜெர்மனியின் ஸூல் நகரம் துப்பாக்கி செய்தே பிழைத்த ஊர். தெருவுக்கு ஒரு சேகரிப்பாளராவது இருப்பார். அத்தனை பேரும் உரிமம் வாங்கி, இரும்புப் பெட்டகத்தில் பூட்டி, ஒழுங்காக வரி கட்டுகிற சாதுக்கள். அதனால்தான் அவர்களைக் கண்டால் யூட்டாவுக்கு ஆகாது. சாதுக்கள் செத்தால் துப்பு கிடைக்காது.

ரூடிகர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

வலது பொட்டில் ஓட்டை. வலது கையில் வெள்ளைப் பருத்திக் கையுறை. அந்தக் கைக்குள் லூகர் பிஸ்டல்!

மேஜை மேல் ஒரு மரப்பெட்டி திறந்திருந்தது. உள்ளே பச்சை வெல்வெட். பிஸ்டல் வைக்க ஒரு குழி, தோட்டா அடைக்கும் மேகசின் வைக்க இரண்டு குழி. ஒன்றில் மேகசின் இருந்தது. இன்னொன்று காலி.

யூட்டா பார்த்தாள். பார்த்ததோடு சரி. பசி அவளை யோசிக்க விடவில்லை.

போலீசுக்குச் சொன்னவர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பெயர் எக்கார்ட். அவரும் சேகரிப்பாளர், ரூடிகருக்கு நெடுநாள் நண்பர். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பீர் பாட்டில்களோடு வந்துவிடுவாராம். இரண்டு பேரும் குடித்தபடி பிஸ்டல்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். இன்றைக்கும் வந்தாராம். கதவு திறந்திருந்ததாம்.

"கொஞ்ச நாளாவே மனசு விட்டுப்போன மாதிரிதான் இருந்தார் மேடம்," என்றார் எக்கார்ட் மூக்கைச் சிந்தியபடி. "கால்ல வாதம் வந்து வெளிய நடமாட்டமே இல்லை. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"நீங்க எதையாவது தொட்டீங்களா?"

"அடுத்தவன் பிஸ்டலை நாங்க வெறுங்கையால தொட மாட்டோம் மேடம். வேர்வை பட்டா நீலப் பூச்சு போயிடும், துரு ஏறிடும்." கோட்டுப் பையிலிருந்து தன் கையுறையை எடுத்துக் காட்டினார். விருந்தாளி கையுறையோடு வருவது இவர்களுக்குள் மரியாதையாம்.

யூட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறையில் ஒரு கைரேகை கிடையாது. கதவுப்பிடியில் கூட இல்லை. இந்த மனுஷர்கள் வீட்டுக்குள் மூச்சு விடுவதையும் கையுறை போட்டுக்கொண்டுதான் விடுவார்கள் போலிருந்தது.

டீட்மார் எதிர்வீட்டுக்குப் போய் வந்தான். ஞாயிற்றுக்கிழமை யாராவது காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போட்டாலே சத்தம் என்று போலீசுக்குப் புகார் செய்கிற மகானுபாவர் அங்கே இருந்தார். அவருக்கு இன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். நிலவறைச் சுவர் அவ்வளவு தடிமன்.

"கேட்க வேண்டிய அன்னைக்குக் காது அடைச்சுப் போச்சா அந்த ஆளுக்கு?" என்று முணுமுணுத்தாள் யூட்டா.

தேவாலயத்திலிருந்து திரும்பிய மனைவி கெர்லிண்டே அழவில்லை. கோபப்பட்டாள்.

"தற்கொலையா? அந்தப் பிஸ்டல்லயா?"

"உட்காருங்கம்மா."

"ரேஞ்சுல சுடறதுக்குன்னு ஒரு ஓட்டைப் பிஸ்டல் வெச்சிருக்கார். சாகறதா இருந்தா அதை எடுத்திருப்பார். இது மேல நான் தும்மினாலே அரை நாள் துடைச்சுக்கிட்டு இருப்பார். ரத்தம் பட விடுவாரா?"

பிறகு கொட்டித் தீர்த்தாள். அது முதல் உலகப்போர் லூகர். ராணுவம் பிஸ்டலோடு இரண்டு மேகசின் கொடுக்கும். இரண்டின் அடிக்கட்டையிலும் அந்தப் பிஸ்டலின் எண்ணையே பொறித்திருப்பார்கள். இரண்டாவதில் மட்டும், எண்ணுக்குக் கீழே ஒரு கூட்டல் குறி. ரூடிகரிடம் முதலாவது இருந்தது. கூட்டல் குறி போட்டது இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் தேடினார். போகாத சந்தை இல்லை. காலையில் காபியோடு அந்தப் புலம்பல், ராத்திரி படுக்கையில் அதே புலம்பல். பிள்ளை இல்லை என்று கூட இவ்வளவு அங்கலாய்த்ததில்லையாம்.

யூட்டா கிளம்பும்போது கெர்லிண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தற்கொலைன்னு மூடிடாதீங்க. மூடிட்டா, செஞ்சவன் என் வீட்டுக்கே வந்து துக்கம் கேட்டுட்டு, காபியும் குடிச்சிட்டுப் போவான். நானும் ஊத்திக் குடுப்பேன்."

யூட்டாவால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை.

எல்லாமே எரிச்சலூட்டியது. கையுறையில் வெடிமருந்துத் துகள் இருக்கிறது, தற்கொலைக்கு எதிராக ஒன்றும் இல்லை என்றது ஆய்வக அறிக்கை. சாயங்காலத்துக்குள் ஃபைலை மூடு என்று அரசு வக்கீல் இரண்டு தரம் போன் செய்துவிட்டார். மூடினால் பிஸ்டல் குடும்பத்துக்கே திரும்பிப் போய்விடும்.

யூட்டா கடுகுச் சாந்து வழியும் பொரித்த சாசேஜைக் கடித்தபடி நிலவறைப் படங்களைப் புரட்டினாள். நாற்காலி. பிணம். மேஜை. மரப்பெட்டி.

மெல்லுவதை நிறுத்தினாள்.

"டீட்மார்... ரூடிகர்கிட்ட இருந்தது எத்தனை மேகசின்?"

"ஒண்ணு. அதுக்குத்தானே அந்தம்மா அவ்வளவு புலம்பினாங்க."

"அந்த ஒண்ணு எங்க இருக்கு?"

டீட்மார் படத்தை எட்டிப் பார்த்தான். "பெட்டியில இருக்கு."

"அப்ப பிஸ்டலுக்குள்ள இருந்தது எது?"

இரண்டு பேரும் சான்றுப் பொருள் அறைக்கு ஓடினார்கள். பிஸ்டலிலிருந்து கழற்றிய மேகசின் தனிப் பையில் இருந்தது. அடியில் சின்ன மரக்கட்டை. அதில் பிஸ்டலின் எண்.

அதற்குக் கீழே... ஒரு கூட்டல் குறி!

"ஆயுசு முழுக்கத் தேடினது கைக்குக் கிடைச்ச அன்னைக்கு எவனாவது சாவானா?" என்றாள் யூட்டா. "தெருவையே கூப்பிட்டு பீர் வாங்கிக் குடுத்திருப்பான்."

அவராகப் போய் வாங்கியிருக்க முடியாது, காலில் வாதம். யாரோ கொண்டு வந்திருக்க வேண்டும். யூட்டா காரணம் சொல்லாமல் கெர்லிண்டேவுக்குப் போன் செய்து, சமீபத்தில் சேகரிப்பாளர் சந்தைக்கு யார் போனார்கள் என்று மட்டும் கேட்டாள். காஸெல் நகரச் சந்தைக்குச் சனிக்கிழமை எக்கார்ட் போனாராம். இன்னொன்றும் சொன்னாள். இன்று காலையிலேயே எக்கார்ட் துக்கம் கேட்க வந்து, அந்த லூகரை விற்பதாக இருந்தால் முதலில் தனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாராம்.

"காபி குடிச்சாரா?"

"ரெண்டு கப்," என்றாள் கெர்லிண்டே.

ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? கைரேகை இல்லை, சாட்சி இல்லை. எக்கார்டின் கையுறையில் வெடிமருந்துத் துகள் இருந்தாலும், ரேஞ்சில் சுட்டபோது பட்டது என்பார். இதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போனால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அவராக வாயைத் திறந்தால்தான் உண்டு. யூட்டா சாசேஜின் மிச்சத்தை எடுத்துக்கொண்டாள்.

"எக்கார்டை வரச் சொல்லு."

எக்கார்ட் கறுப்புக் கோட்டில் வந்தார். கண் சிவந்திருந்தது. யூட்டா உட்காரச் சொன்னாள். மேஜை மேல் பிஸ்டலும் மேகசினும் இருந்தன. ஆய்வகம் எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்தாயிற்று.

யூட்டா மேகசினை வெறுங்கையால் எடுத்தாள். விரலில் கடுகுச் சாந்து.

எக்கார்ட் நாற்காலியில் நெளிந்தார்.

"உங்களுக்குச் சிரமம் குடுக்கறேன். ஒரு சின்னச் சந்தேகம். இந்த மேகசின் எங்கிருந்து வந்ததுன்னு தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். மேடம்... கையுறை..."

"பரவாயில்லை, துடைச்சுக்கலாம்." பாவாடையில் துடைத்தாள். "யாருக்கும் தெரியலைன்னா ஒண்ணும் பண்றதுக்கில்லை. ஆய்வகத்துல குறுக்கால அறுத்து உள்ள பார்த்துச் சொல்லிடுவாங்க."

"அறுக்கறதா?"

"ரம்பத்தால. இந்த இடத்துல." பேனாவை எடுத்து மேகசினின் நடுவில் ஒரு கோடு போட்டாள். "இல்ல, எண்ணுக்கு நடுவுல அறுக்கணும்னு சொன்னானா? டீட்மார், எங்க சொன்னான்?"

"கூட்டல் குறிக்கு நடுவுலன்னு சொன்னான் மேடம்."

எக்கார்டின் முகத்தில் ரத்தமே இல்லை. யூட்டா பேனாவை மரக்கட்டைக்கு நகர்த்தினாள். அந்த முனை எண்ணைத் தொடும் நேரத்தில் எக்கார்ட் இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்... அறுக்காதீங்க. நான்தான் கொண்டு வந்தேன்."

யூட்டா பேனாவைக் கீழே வைத்தாள்.

"எங்கிருந்து?"

"காஸெல்ல. ஒரு கிழட்டு வியாபாரியோட பெட்டியில, துருப்பிடிச்ச சாமானோட சாமானாக் கிடந்தது. எண்ணைப் பார்த்ததும் பேரம் கூடப் பேசாம வாங்கிட்டேன். ரூடிகரோட பிஸ்டல் எண்."

மீதியை அவர் சொல்லிக்கொண்டே போனார். ஞாயிறு காலை எடுத்துப் போய்க் காட்டினார். ரூடிகர் குழந்தை மாதிரி அழுதார். சுருள்வில் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவரே தோட்டா போட்டு, மேகசினைப் பிஸ்டலில் செருகினார். அப்போதுதான் எக்கார்ட் கேட்டார், பிஸ்டலை எனக்குக் கொடு, என்ன விலை வேண்டுமானாலும் தருகிறேன் என்று. ரூடிகர் மறுத்தார். சரி, என் மேகசினைத் திருப்பிக் கொடு என்றார் எக்கார்ட். அதற்கும் மறுத்தார்.

"சிரிச்சான் மேடம். உன்கிட்ட இருந்தது வெறும் தகரம், இங்க வந்துதான் அது முழுசாச்சு, இனிமே இதுல உனக்கு என்ன வேலை, வீட்டுக்குப் போடான்னான். எத்தனை வருஷமா அவன் அலமாரியைப் பார்த்து நான் ஏங்கியிருக்கேன். கண்டுபிடிச்சவன் நான். அனுபவிக்கறவன் அவனா?"

"சுட்டுட்டீங்க."

எக்கார்ட் தலையாட்டினார். "பிஸ்டலை அவன் கையில பிடிக்க வெச்சேன்."

"அதுக்கப்புறம் மேகசினைக் கழட்டி எடுத்துட்டு, பெட்டியில இருந்ததைப் போட்டிருந்தா உங்களை யாராலயும் தொட்டிருக்க முடியாது. ஏன் செய்யலை?"

எக்கார்ட் அவளை விநோதமாகப் பார்த்தார். இப்படியும் ஒருத்தி கேட்பாளா என்பது போல.

"நூறு வருஷமாப் பிரிஞ்சு கிடந்த ஜோடி மேடம். இப்பத்தான் சேர்ந்திருக்கு. அதைப் பிரிக்க எனக்குக் கை வரலை. எப்படியும் கெர்லிண்டே எனக்குத்தான் விப்பாள்னு நினைச்சேன்."

டீட்மார் கைவிலங்கை எடுத்தான்.

சாயங்காலம் யூட்டாவும் டீட்மாரும் கெர்லிண்டேவின் சமையலறையில் இருந்தார்கள்.

யூட்டா எல்லாவற்றையும் சொன்னாள். எக்கார்ட் பெயரைக் கேட்டதும் கெர்லிண்டே கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் அவர் குடித்த கோப்பை இன்னும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்தது. அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்காகவாம்?"

யூட்டா பையிலிருந்த மேகசினை மேஜை மேல் வைத்தாள். "இதுக்காக. உங்க வீட்டுக்காரர் தேடின அந்த ரெண்டாவது மேகசின்."

கெர்லிண்டே குனிந்து பார்த்தாள். கூட்டல் குறியைப் பார்த்தாள்.

வீறிட்டு அழுதாள்!

டீட்மார் பதறித் தண்ணீர் கொண்டு வந்தான். அவள் குடித்துவிட்டு மேகசினைத் தள்ளி வைத்தாள்.

"இது அந்த மேகசின் இல்லை மேடம்."

"என்னம்மா சொல்றீங்க? எண் இருக்கு, குறி இருக்கு..."

"நான் பண்ண வெச்சது. போன வருஷம். கீழத்தெரு செதுக்குக்காரர்கிட்ட ஒரு பழைய மேகசினைக் குடுத்து, இந்த எண்ணையும் குறியையும் பொறிக்கச் சொன்னேன். புதுசாத் தெரியக் கூடாதுன்னு அவர் தேத்தண்ணியும் ஷூ பாலிஷும் போட்டுத் தேய்ச்சுக் குடுத்தார்."

"எதுக்கு?"

"அந்தப் புலம்பலை இனிமே கேட்க முடியலை மேடம். கிடைச்சிடுச்சுன்னு ஒரு நாளாவது அவர் சிரிச்சுப் பார்க்கணும்னு ஆசை. நான் குடுத்தா நம்ப மாட்டார். அதான் காஸெல் வியாபாரிகிட்டக் குடுத்து, எக்கார்ட் வந்தா கண்ணுல படற மாதிரி பெட்டியில போட்டு வைன்னேன். சிநேகிதன் கொண்டு வந்தா நம்புவாரே. இன்னும் அந்தப் பெட்டியிலதான் கிடக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்..."

கோப்பை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாரா மேடம்? செத்துப்போறதுக்கு முன்னால?"

"சிரிச்சார்ம்மா," என்றாள் யூட்டா. எப்படிச் சிரித்தார் என்று அவள் சொல்லவில்லை.

இரண்டு பேரும் காரில் ஏறினார்கள். டீட்மார்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"நூறு வருஷத்து ஜோடியைப் பிரிக்க மனசு வராம மாட்டிக்கிட்டானே மேடம்... அந்த ஜோடிக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சுன்னு எக்கார்ட்கிட்டப் போய்ச் சொல்லிடட்டுமா?"

யூட்டா வண்டியைக் கிளப்பினாள்.

"வேண்டாம்யா. ஆயுள் தண்டனைக்கு மேல குடுக்க நம்ம சட்டத்துல இடமில்லை."